பி.காம் முடித்தவருக்கு மார்க்கெட்டிங்கில் முதல் வேலை: எதைக் காட்டுவது, எங்கே தேடுவது

கேள்வி இதுதான்: கோவையில் பி.காம் முடித்தாயிற்று. மார்க்கெட்டிங்கில் சேர ஆசை. விண்ணப்பிக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். நாற்பதாயிரம் கட்டி டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் சேரலாமா, இல்லை வேறு வழி உண்டா?

கோர்ஸ் கட்டாயமில்லை. ஒரு சின்ன விளம்பர ஏஜென்சி முதலாளி அனுபவம் கேட்கும்போது அவர் மனதில் ஓடுவது ஒரே பயம்தான்: க்ளையன்ட்டின் விளம்பரக் கணக்கை இந்தப் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்தால் காசைக் கரைத்துவிடுவார்களோ? அந்தப் பயம் போக, ஒரு நிஜக் கடைக்கு நிஜக் காசில் நீங்கள் செய்த ஒரு வேலையும் அதன் கணக்கும் வேண்டும். அதை இரண்டரை மூன்று மாதத்தில், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் செய்துவிடலாம். இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

நம் ஊரில் "மார்க்கெட்டிங்" என்றால் பலருக்கு விற்பனைதான். "மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ் தேவை, டூவீலரும் லைசென்ஸும் கட்டாயம், பெட்ரோல் அலவன்ஸ் உண்டு" என்று இருந்தால் அது ஃபீல்டு சேல்ஸ். லோன், இன்சூரன்ஸ், டார்கெட், இன்சென்டிவ் என்ற சொற்கள் வந்தால் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் வேலை. திருப்பூரில் "மெர்ச்சண்டைசர்" என்று கேட்பார்கள். ஆடை வாங்கும் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை நகர்த்தும் வேலை அது. நல்ல வேலைதான், மார்க்கெட்டிங் அல்ல. கோவை பம்ப், மோட்டார் கம்பெனிகளில் இதே பெயரில் இருப்பது வேறு மாதிரி: இந்தியாமார்ட்டில் வரும் விசாரணைகளுக்குப் பதில், கொட்டேஷன், கேட்டலாக், கொடிசியா வளாகக் கண்காட்சியில் ஸ்டால். பாதி விற்பனை, பாதி மார்க்கெட்டிங். இதை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த லீட் (வாங்கலாம் என்று விசாரிப்பவர்) எங்கிருந்து வந்தது, எது ஆர்டரானது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும் இடம் எதுவானாலும் அது மார்க்கெட்டிங்குக்கு நல்ல பள்ளிக்கூடம்.

நேரடி மார்க்கெட்டிங் வேலைகளில் ஃப்ரெஷர்களுக்குத் திறந்திருப்பவை: கூகுள், மெட்டா விளம்பரம் ஓட்டுவது (பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் என்பார்கள்), எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவருவது), கன்டென்ட் எழுதுவது, சோஷியல் மீடியா, இமெயில் - எஸ்.எம்.எஸ். - வாட்ஸ்அப் அனுப்பும் பிரிவு. சோப்பு, ஷாம்பு கம்பெனிகளின் பிராண்ட் மேனேஜர் வேலை வேறு உலகம். பெரிய கம்பெனிகள் அதற்கு எம்.பி.ஏ. கல்லூரி வளாகத்தில் ஆள் எடுக்கின்றன. எடுத்தவர்களையும் முதலில் சில மாதம் கடை கடையாக அலையவிடுகின்றன. பி.காம் பட்டத்தோடு அங்கே விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பது நேர விரயம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கணக்குப் பிடிக்கும் என்றால் விளம்பரம் ஓட்டுவது. எழுத வரும் என்றால் கன்டென்டும் எஸ்.இ.ஓ.வும். சோஷியல் மீடியா மட்டும் போதும் என்று பலர் நினைப்பார்கள். போட்டி அதிகம் அங்கேதான், சம்பளம் மெதுவாக ஏறுவதும் அங்கேதான். "எல்லாம் செய்வேன்" என்று சொல்பவரை ஹெச்.ஆர். எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார். ஒன்றைப் பிடியுங்கள், மற்றவை பேசும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

காட்டுவதற்கு ஒரு வேலை

கடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஆட்கள் கூகுளில் தேடி, போன் போட்டு விசாரித்து, ஒரு நிலையான கட்டணம் கட்டும் தொழிலாக இருக்க வேண்டும்: டிரைவிங் ஸ்கூல், டியூஷன் சென்டர், கேட்டரிங், வீடு மாற்றிக் கொடுப்பவர்கள், தையல் வகுப்பு. மளிகைக்கடை, டீக்கடை வேண்டாம். அவற்றை யாரும் தேடி வருவதில்லை. தோழியின் இன்ஸ்டாகிராம் துணிக்கடையும் வேண்டாம். ஃபாலோயர் எண்ணிக்கை ஏறியதைத் தவிரச் சொல்ல எதுவும் இருக்காது.

டிரைவிங் ஸ்கூலையே எடுத்துக்கொள்வோம். முதலாளியிடம் போய் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்து தருகிறேன்" என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். இதைச் சொல்லி வந்தவர்கள் ஏராளம். குறையோடு போங்கள்: "அண்ணா, கூகுள்ல உங்க ஸ்கூல் பேரைப் போட்டா ஞாயித்துக்கிழமை லீவுன்னு காட்டுது. போர்டுல ஞாயிறும் கிளாஸ் உண்டுன்னு எழுதியிருக்கீங்க. அதைச் சரிபண்ணித் தரேன், காசெல்லாம் வேண்டாம்." இதற்கு முடியாது என்று சொல்பவர் குறைவு.

முதல் இரண்டு வாரம் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் கடை விவரம்) மட்டும். அதன் உரிமை முதலாளியின் ஜிமெயிலிலேயே இருக்கட்டும். உங்களை "மேனேஜர்" ஆகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய பாஸ்வேர்டை வாங்காதீர்கள். உங்கள் ஜிமெயிலில் புதிதாக ஒன்றைத் திறக்கவும் வேண்டாம். இரண்டு ப்ரொஃபைல் ஆகிவிட்டால் ரிவ்யூக்கள் பிரிந்து கிடக்கும், சேர்ப்பது பெரும்பாடு. எதையும் தொடுவதற்கு முன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, கடந்த மாதங்களில் எத்தனை அழைப்பு, எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் வெப்சைட்டைத் தட்டினார்கள் என்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். புதியவர்கள் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். முன்கணக்கு இல்லையென்றால் பின்கணக்குக்கு மதிப்பே கிடையாது.

பிறகு பெயர். போர்டில் உள்ளது மட்டும் இருக்க வேண்டும். "முருகன் டிரைவிங் ஸ்கூல் - பெஸ்ட் கார் டிரைவிங் கிளாஸ் இன் கோயம்புத்தூர்" என்று கீவேர்டை (ஆட்கள் தேடும் சொல்லை) ஒட்டவைத்தால் ப்ரொஃபைல் சஸ்பெண்ட் ஆகலாம். முதன்மை வகை "டிரைவிங் ஸ்கூல்", வேலை நேரம் நாள்வாரியாக, சேவைகள் தனித்தனியாக. பயிற்சி கார், அலுவலக முகப்பு, தெருவிலிருந்து போர்டு தெரியும் கோணம் எனப் பத்துப் பதினைந்து படங்கள், எல்லாம் நீங்களே போனில் எடுத்தவை. ரிவ்யூ கேட்கும் இணைப்பை க்யூ.ஆர். ஆக அச்சிட்டு மேஜையில் வைக்கலாம். "ஐந்து ஸ்டார் போட்டால் நூறு ரூபாய் தள்ளுபடி" என்பது மட்டும் கூடாது, கூகுள் விதிக்கு விரோதம்.

கூடவே போன் பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, யார், எப்படித் தெரிந்துகொண்டார், சேர்ந்தாரா என்று நாலு கட்டம். மூன்று நாள் ஒழுங்காக எழுதுவார்கள், நாலாம் நாள் வெற்றாக இருக்கும். தினமும் சாயங்காலம் நீங்களே போன் போட்டு "இன்னைக்கு எத்தனை கால்ண்ணா?" என்று கேட்டு ஷீட்டில் ஏற்றுங்கள். இந்த நோட்டு இல்லாமல் விளம்பரத்துக்குப் போகாதீர்கள்.

விளம்பரம் ஓட்டும்போது காசு எங்கே கசியும்

மூன்றாவது வாரம் கூகுள் ஆட்ஸ். நாளுக்கு 200 ரூபாய், 15 நாள், மொத்தம் 3,000. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 540, ஆக 3,540. முன்பணமாகக் கட்டும் முறையில் 1,000 ரூபாய் செலுத்தினால் வரி போக 847 சொச்சம்தான் கணக்கில் ஏறும், பயந்துவிட வேண்டாம். ஒரே நாளில் 350, 380 என்று ஓடினாலும் பதறாதீர்கள்: தினசரி பட்ஜெட்டின் இரண்டு மடங்குவரை ஒரு நாளில் செலவழிக்கக் கூகுளுக்கு அனுமதி உண்டு, மாதக் கணக்கில் சரிக்கட்டும். பதினைந்து நாளே ஓட்டுவதால் மொத்தச் செலவை நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணத்தில் பாதியாவது முதலாளி போடட்டும். தன் காசு போகிறது என்றால்தான் போனை எடுப்பார்.

வெப்சைட் இல்லையா? டாட் இன் டொமைன் ஒன்று வாங்கி கூகுளின் ப்ளாகரில் இணைத்தால் ஹோஸ்டிங் செலவு கிடையாது. முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். ஒரே பக்கம் போதும்: எந்த ஏரியா, எத்தனை நாள் பயிற்சி, எவ்வளவு கட்டணம், எந்தெந்த நேரம், தட்டினால் அழைக்கும் போன் எண். கட்டணத்தைப் போட முதலாளி தயங்குவார். போட்டுவிட்டால் வெறும் விலை விசாரிப்புகள் குறையும் என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்கைத் திறந்ததும் கூகுள் தானாகவே ஒரு எளிய கேம்பெயினுக்கு, இல்லாவிட்டால் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸுக்கு (விளம்பரம் எங்கெங்கே வரும் என்பதைக் கூகுளே முடிவுசெய்யும் வகை) தள்ளும். அதைத் தாண்டி, தேடல் முடிவில் வரும் "சர்ச்" வகையையே எடுங்கள். பிறகு மூன்று இடங்கள். ஒன்று, நெட்வொர்க் பகுதியில் சர்ச் பார்ட்னர்ஸ், டிஸ்ப்ளே (கூகுள் தேடலுக்கு வெளியே மற்ற தளங்களில் காட்டுவது) இரண்டும் டிக் ஆகியிருக்கும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு, இடம். கோயம்புத்தூர் என்று போட்டாலும், இயல்பாக அது "இந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது இந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்கள்" என்றே இருக்கும். பெங்களூரிலிருந்து கோவையைப் பற்றித் தேடுபவருக்கும் விளம்பரம் போகும். "இருப்பவர்கள்" மட்டும் என மாற்றுங்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு முழு ஊரும்கூட வேண்டாம்; ஸ்கூலைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் போதும். மூன்று, நேரம். போன் எடுக்க ஆள் இருக்கும் காலை 8 முதல் இரவு 8 வரை மட்டும்.

பிட்டிங்கில் (க்ளிக்குக்கு விலை கேட்கும் முறை) மேக்சிமைஸ் க்ளிக்ஸ் வைத்து, ஒரு க்ளிக்குக்கு உச்சவரம்பு போடுங்கள். சம்மந்தப்பட்ட கீவேர்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை கீவேர்டு பிளானரில் பார்த்து அந்த வரம்பை வைக்கலாம். கீவேர்டுகள் பத்துக்குள் இருக்கட்டும், ஃப்ரேஸ் அல்லது எக்ஸாக்ட் மேட்ச்சில் (தேடல் உங்கள் கீவேர்டோடு பொருளில் ஒத்துப்போனால்தான் விளம்பரம் வரும்). தொடர்புள்ள வேறு தேடல்களுக்கும் காட்டும் பிராட் மேட்ச்சை இந்த பட்ஜெட்டில் தொடவே தொடாதீர்கள். விளம்பரத்தில் 30 எழுத்துக்குள் 15 தலைப்பு வரை, 90 எழுத்துக்குள் 4 விளக்கம் வரை எழுத இடமுண்டு. பதினைந்தையும் நிரப்ப வேண்டும் என்று "சிறந்த சேவை", "நம்பகமான நிறுவனம்" என்று தவிடு கொட்டாமல், பெண் பயிற்சியாளர் உண்டு, காலை 6 மணி வகுப்பு, வீட்டிலிருந்து பிக்கப் என்று உண்மையானதை எழுதுங்கள். முதலாளியிடம் கேட்டு, நிஜமாக இருப்பதை மட்டும்.

இரண்டாம் நாளே சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையை (விளம்பரம் வந்தபோது ஆட்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்ற பட்டியல்) திறந்து பாருங்கள். "டிரைவிங் ஸ்கூல்" என்று தேடுபவர்களில் ஒரு கூட்டம் மொபைல் கேம் தேடும் பிள்ளைகள். அந்தப் பெயரிலேயே கேம்கள் இருக்கின்றன. இன்னொரு கூட்டம் டிரைவர் வேலை தேடுபவர்கள். மற்றொன்று லைசென்ஸ் ஸ்டேட்டஸ், எல்.எல்.ஆர். ஆன்லைன் விண்ணப்பம், டெஸ்ட் கேள்வி பதில் தேடுபவர்கள். இவர்கள் தட்டினாலும் காசு உங்களுடையதுதான். கேம், டவுன்லோடு, ஜாப், வேக்கன்சி, ஸ்டேட்டஸ், அப்ளை, கொஸ்டின் எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டாக (இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் வேண்டாம் என்பது) போடுங்கள். தமிழிலும், தங்கிலீஷிலும் தனித்தனியாக. இந்தப் பட்டியலின் முதல் நாள் வடிவத்தையும் பதினைந்தாம் நாள் வடிவத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட இதுதான் பேசும்.

கணக்கு முடிவில் இப்படி அமையலாம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய், ஒரு க்ளிக் 12 ரூபாய், ஆக 250 க்ளிக். அதில் 20 அழைப்பு. ஒரு லீட் 150 ரூபாய். 20 பேரில் 4 பேர் சேர்ந்தால் ஒரு அட்மிஷனுக்கு 750. கட்டணம் 6,000 என்றால், பெட்ரோல், பயிற்சியாளர் சம்பளம் போக முதலாளிக்கு என்ன மிச்சம், அதில் 750 தாங்குமா? பி.காம் படித்த உங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி சுலபம். விளம்பரம் ஓட்டும் பலர் லீட் விலையோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் எண்கள் இதைவிட மோசமாக வரலாம். அப்படியே எழுதுங்கள். "20 அழைப்பில் 7 பேர் டூவீலர் வகுப்பு கேட்டார்கள், ஸ்கூலில் அது இல்லை, கீவேர்டில் கார் என்று சேர்த்தபின் குறைந்தது" என்ற ஒரு வரி, "300% வளர்ச்சி" என்பதைவிட நம்பிக்கை தரும்.

இதெல்லாம் ஒரே பக்கத்தில்: என்ன நிலை இருந்தது, என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவு, என்ன வந்தது, எது சரியாக வரவில்லை, அடுத்து என்ன செய்வீர்கள். இரண்டு மூன்று ஸ்க்ரீன்ஷாட். முதலாளியின் அனுமதி கேட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் போன் எண்களை மறைத்துவிட்டு, கூகுள் டாக்ஸில் போடுங்கள். பகிரும் அமைப்பை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என மாற்றி, இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். "அனுமதி கேளுங்கள்" என்று வரும் பக்கத்தில் நின்று அனுமதி கேட்கும் ஹெச்.ஆர். கிடையாது, மூடிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார்.

எஸ்.இ.ஓ., கன்டென்ட் பக்கம் போகிறவர்களுக்கு விளம்பரச் செலவு இல்லை, காலம்தான் செலவு. ஒரு குறுகிய தலைப்பில் எட்டுப் பத்துப் பக்கம் எழுதி சர்ச் கன்சோலில் (உங்கள் பக்கம் கூகுள் தேடலில் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி) இணைத்துவிடுங்கள். முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு இம்ப்ரஷன் (தேடலில் பக்கம் தெரிவது) வரும், க்ளிக் வராது. அங்கேதான் வேலை தொடங்குகிறது: 8, 10, 15 ஆம் இடத்தில் நிற்கும் தேடல்களை எடுத்து, தலைப்பைத் திருத்தி, விடுபட்ட பதிலைச் சேர்த்து, மறுபடி என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்த முன்னும் பின்னும்தான் உங்கள் சரக்கு.

தமிழ் நன்றாக எழுத வரும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். நகைக்கடை, சிட் ஃபண்ட், துணிக்கடை அனுப்பும் தமிழ் எஸ்.எம்.எஸ்.களைப் பாருங்கள்; பல இடங்களில் வாக்கியம் முறிந்திருக்கும். காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும்: "கோயம்புத்தூர்" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் 13. எழுபதைத் தாண்டினால் இரண்டு மெசேஜ் காசு. கூடவே, வணிக எஸ்.எம்.எஸ். எதுவானாலும் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் டெம்ப்ளேட் பதிவு செய்த பிறகே போகும்; ஒரு சொல் மாறினாலும் தடுக்கப்படலாம். இதைத் தெரிந்துகொண்டு, ஒரு கடையின் நீண்ட மெசேஜை 70க்குள் சுருக்கி முன்னும் பின்னுமாகக் காட்டுபவரைச் சில்லறை வணிக நிறுவனங்களின் மார்க்கெட்டிங் டீம் மறக்காது.

சான்றிதழும் கோர்ஸும்

இலவசமாகக் கிடைப்பதையே முதலில் முடியுங்கள். கூகுள் ஸ்கில்ஷாப்பில் ஆட்ஸ் சர்ச் தேர்வு: 80% எடுத்தால் தேர்ச்சி, ஒரு வருடம் செல்லும், தவறினால் ஒரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஹப்ஸ்பாட் அகாடமியில் இன்பவுண்ட் அல்லது கன்டென்ட் மார்க்கெட்டிங். இந்த இரண்டு போதும். பன்னிரண்டு சான்றிதழை வரிசையாக ஒட்டினால் "வேலை செய்யாமல் வீடியோ பார்த்தவர்" என்றுதான் படும். கூகுள் அனலிடிக்ஸ் (வெப்சைட்டுக்கு யார், எப்படி வந்தார்கள் என்று காட்டும் கருவி) பழக, கூகுளே தன் மெர்ச்சண்டைஸ் ஸ்டோரின் டெமோ கணக்கைத் திறந்துவைத்திருக்கிறது. நிஜத் தரவு. உள்ளே போய் "எந்த வழியாக வருபவர்கள் அதிகம் வாங்குகிறார்கள், மொபைலில் ஏன் குறைகிறது" என்று கேள்வி போட்டுப் பதில் தேடுங்கள்.

கட்டணக் கோர்ஸ் சேர்ந்தே தீருவேன் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். அனலிடிக்ஸில் ஜிஏ4 என்ற இப்போதைய வடிவத்தைச் சொல்லித்தருகிறார்களா? பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதுத் தரவை ஏற்பதை நிறுத்திவிட்டது. இன்னும் அதன் திரைகளைக் காட்டும் இன்ஸ்டிட்யூட் மற்றவற்றிலும் பழசுதான். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் எத்தனை ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டுவார், அது யார் காசு? "100% பிளேஸ்மென்ட்" என்பது ரசீதில் எப்படி எழுதியிருக்கிறது? பெரும்பாலும் "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்று இருக்கும்; இன்டர்வியூ நடக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே அந்தக் கடமை முடிந்தது. இ.எம்.ஐ.யில் கோர்ஸ் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நாற்பதாயிரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மேலே சொன்ன டிரைவிங் ஸ்கூல் வேலைக்கு ஆகும்.

இன்னொன்று: எக்ஸெல். பிவட் டேபிள், வி-லுக்கப், ஃபில்டர், தேதிவாரியாகத் தொகுப்பது. ஃப்ரெஷர் மார்க்கெட்டிங் வேலையில் வாரம் தவறாமல் செய்யப்போவது ரிப்போர்ட்தான். இதில் தடுமாறுபவரை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரெஸ்யூமே

ஒரே பக்கம். போட்டோ, அப்பா பெயர், மதம், கீழே "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" எதுவும் வேண்டாம். கல்வியை இரண்டு வரியில் முடித்து, மேலே அந்த ஒரு வேலையை எண்ணோடு எழுதுங்கள். கேன்வாவின் இரண்டு பத்தி டிசைன்கள் அழகாக இருக்கும், மென்பொருள் படிக்கும்போது கலைந்துவிடும், பி.டி.எஃப்.பை முழுதாகத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், வரிசை மாறினால் டிசைனை மாற்றுங்கள். தெரியாத டூலைப் போடாதீர்கள். செம்ரஷ் என்ற எஸ்.இ.ஓ. டூலை எழுதினால் அதைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

எங்கே, எப்படித் தேடுவது

நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டர்ன்ஷாலா மூன்றிலும் ப்ரொஃபைல் வேண்டும். நௌக்ரியில் ரெக்ரூட்டர்கள் அண்மையில் யார் ஆக்டிவ் என்றும் வடிகட்டிப் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை ஒரு வரியையாவது திருத்திச் சேமியுங்கள். இன்டர்ன்ஷாலாவில் ஸ்டைபெண்ட் இல்லாத மூன்று மாத இன்டர்ன்ஷிப்பைவிட, ஐந்தாயிரமாவது தரும் ஒன்று மேல். காசு தருபவர்தான் வேலையும் வாங்குவார். அரசு வழியில் இரண்டு இருக்கின்றன: தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளமும் அதன் முகாம்களும், மத்திய அரசின் நேட்ஸ் என்ற தொழிற்பழகுநர் திட்டமும். நேட்ஸ் இன்ஜினியர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், பி.காம், பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களும் பதியலாம். தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. மாத உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. சின்னக் கம்பெனி முதலாளியிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் முதல் வேலை அதிகம் கிடைப்பது விளம்பரமே வராத இடத்தில். உங்கள் ஊரில் ஐந்து முதல் முப்பது பேர் வேலை செய்யும் ஏஜென்சிகள், ஆன்லைனில் விற்கும் துணிக்கடைகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், ரியல் எஸ்டேட் புரோமோட்டர்கள் என நாற்பது பெயர் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிஜமான குறையைக் கண்டுபிடியுங்கள்: விளம்பரத்தைத் தட்டினால் பக்கம் திறக்கவில்லை, ஃபார்ம் மொபைலில் நிரம்பவில்லை, ரிவ்யூவுக்குப் பதில் இல்லை. மெட்டாவின் ஆட் லைப்ரரியில் எந்தக் கம்பெனி இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு முதலாளிக்கோ மார்க்கெட்டிங் தலைவருக்கோ ஐந்து வரி. முதல் வரி அந்தக் குறை, ஸ்க்ரீன்ஷாட்டோடு. இரண்டாவது, எப்படிச் சரிசெய்யலாம். மூன்றாவது, டிரைவிங் ஸ்கூல் வேலையின் எண்களும் இணைப்பும். நான்காவது, என்ன வேலை தேடுகிறீர்கள். கடைசியாக போன் எண். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட்வொர்க்கிங் ஃப்ரெஷர்" என்று தொடங்குவது முதல் வரியிலேயே குப்பைக்குப் போகும். வாரம் எட்டுப் பத்து அனுப்புங்கள், பதில் வராவிட்டால் ஆறேழு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். செவ்வாய், புதன் காலை பரவாயில்லை. மாதக் கடைசியில் ஏஜென்சிக்காரர்கள் ரிப்போர்ட்டில் மூழ்கியிருப்பார்கள்.

சென்னையின் மென்பொருள் கம்பெனிகள் வேறு ரகம். ஸோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ போன்றவற்றுக்கு வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்க. அங்கே மார்க்கெட்டிங் என்றால் தெளிவான ஆங்கில எழுத்துதான் முதல் சோதனை. நேரடியாக நுழைய முடியாவிட்டால் சப்போர்ட், இன்சைட் சேல்ஸ் வழியாகப் போய் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளேயே மாறுபவர்கள் உண்டு. திருப்பூர், ஈரோடு பக்கம் அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ கணக்கைப் பார்க்கும் "கேட்டலாக் எக்சிகியூட்டிவ்" வேலையும் இதே மாதிரி ஒரு பக்கக் கதவு: தலைப்பு, படம், விலை மாற்றினால் விற்பனை எப்படி மாறுகிறது என்பதைத் தினமும் பார்ப்பீர்கள்.

நேர்காணலில் கேட்பது

வரையறைக் கேள்விகள் கொஞ்சம் வரும்: ரீச்சுக்கும் (எத்தனை பேர் பார்த்தார்கள்) இம்ப்ரஷனுக்கும் (எத்தனை தடவை காட்டப்பட்டது) என்ன வித்தியாசம், சிடிஆர் (காட்டியதில் எத்தனை சதவீதம் தட்டப்பட்டது) எப்படிக் கணக்கிடுவது. உண்மையான கேள்வி இப்படி வரும்: "விளம்பரச் செலவு அதேதான், போன வாரத்திலிருந்து லீட் பாதியாயிடுச்சு. எங்க பாப்பீங்க?" உடனே "கிரியேட்டிவை (விளம்பரப் படம், வாசகம்) மாத்துவேன்" என்று சொல்பவர்கள் விழுந்துவிடுகிறார்கள். முதலில் அளவிடும் கருவி: ஃபார்ம் நிரப்பினால் கணக்கு பதிகிறதா, நன்றிப் பக்கத்தின் டேக் (லீட்டைப் பதியும் சின்ன நிரல்) உடைந்ததா. பிறகு போனில் பக்கத்தை நீங்களே திறந்து, ஃபார்மை நிரப்பி, எண்ணை அழைத்துப் பார்ப்பது. அடுத்து சேஞ்ச் ஹிஸ்டரி, யார் எதை மாற்றினார்கள். அதற்கும் பிறகுதான் சர்ச் டெர்ம்ஸ், போட்டியாளர், ஆடி மாதமா தேர்வு நேரமா என்பதெல்லாம். இந்த வரிசையில் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

யூடிஎம் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று அறிய இணைப்பின் கடைசியில் சேர்க்கும் குறிச்சொல்) பற்றியும் கேட்பார்கள். ஒரு இணைப்பில் ஃபேஸ்புக் என்பதை ஆங்கிலப் பேரெழுத்தில் தொடங்கி, இன்னொன்றில் சிற்றெழுத்தில் எழுதினால் ஜிஏ4 இரண்டையும் வெவ்வேறு வரியாகக் காட்டும். எல்லாமே சிற்றெழுத்தில் என்று ஒரு ஷீட்டில் விதி வைத்துக்கொள்வதே வழி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அசைன்மென்ட் கொடுப்பார்கள். மூன்று நான்கு மணி நேர வேலை என்றால் செய்யுங்கள். "எங்கள் க்ளையன்ட்டுக்கு ஒரு மாத போஸ்ட் முழுக்க டிசைன் செய்து அனுப்புங்கள்" என்றால் அது ஓசி வேலை. இரண்டு மாதிரி மட்டும் அனுப்பி, மீதியைத் திட்டமாக எழுதிக் கொடுங்கள்.

ஒப்புக்கொள்ளும் முன்

"அனுபவம் தேவையில்லை, உடனே சேரலாம், ஆறு மாதத்தில் பிராஞ்ச் மேனேஜர்" என்ற விளம்பரத்தில் கம்பெனி பெயரே இல்லை என்றால், பெரும்பாலும் பையில் பொருளோடு வீடு வீடாக அனுப்பும் கூட்டம். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப் முன்பணம் என்று எது கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவது மார்க்கெட்டிங்கே இல்லை, பணம் பறிக்கும் வலை. கம்பெனி பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடலாம். ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள்; தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33 என்று தொடங்கும். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. பாண்ட் என்றால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சம்பளத்தில் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) எண்ணைப் பார்த்து வீட்டு வாடகை பேசிவிடாதீர்கள். வருடத்துக்கு 2.4 லட்சம் என்றால் மாதம் 20,000 என்று தோன்றும். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்தால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,200ம் 3.25% இ.எஸ்.ஐ.யும் அந்த 20,000க்குள்ளேயே அடக்கம். அது போக மொத்தச் சம்பளம் 18,200 அளவில் நிற்கும். அதிலிருந்து உங்கள் பங்காக பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75% பிடித்தால் கையில் 16,900 சுமார். தொழில்வரி தனி. சி.டி.சி.யில் "வேரியபிள்" என்று ஒரு வரி இருந்தால் அது எப்போது, எதை வைத்து வரும் என்று கேளுங்கள்.

இரண்டு ஆஃபர் கையில் இருந்து, ஒன்றில் இரண்டாயிரம் அதிகம், ஆனால் மார்க்கெட்டிங் டீம் என்பதே நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், குறைந்த சம்பளத்தை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. ஒற்றை ஆள் டீமில் போஸ்டர், ரீல்ஸ், தீபாவளி வாழ்த்து, வெப்சைட் பிழை, முதலாளி மகளின் பிறந்தநாள் பேனர் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். தவறைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. அதனால் நேர்காணல் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றதும் இதைக் கேளுங்கள்: "என் வேலையை யார் சரிபார்ப்பாங்க? முதல் மூணு மாசத்துல எந்தெந்த அக்கவுண்ட் என் கைக்கு வரும், மாசத்துக்கு எவ்வளவு விளம்பர ஸ்பெண்ட்?"